அரை ஏக்கர் ஆம்ப்ளிஃபையர்

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை அரை ஏக்கர் நிலத்தை விற்று ஒரு ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கப் போகிறார் என்ற செய்தி ஆவணிக் கடைசியில் எங்கள் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்துக் கடை டெய்லர் பூமாலை.

அப்பா அப்போது ஒரு குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியின் அலுமினியப் புனலைத்தான் குழாய் என்போம்.

"எவ்ளோ நெலம்?" என்றார்.

"அரை ஏக்கராம் அண்ணே. கெணத்துப் பாசனம்."

"பொட்டிக்கா?"

"பொட்டிக்குத்தான். சிங்கப்பூர்லேருந்து வந்த ஒருத்தர் மெட்ராஸ்ல விக்கிறாராம். அதுல ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் முக்கால்வாசிப் பணம் போவுதாம்."

அப்பா குழாயைக் கீழே வைத்தார். "அப்ப இந்தச் சம்பந்தம் வேணாம்," என்றார்.

நான் உள்ளே ஒரு மைக்கின் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் தேவைக்கு மேல் உருகி ஓடிவிட்டது.

அப்பா பெயர் கொளஞ்சியப்பன். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். முன்னால் கடை, பின்னால் வீடு. ஒரு செட் நல்லதா என்று பார்க்க அவரிடம் ஒரே அளவுகோல்தான்: எத்தனை ஊருக்குக் கேட்கிறது. கல்வராயன் மலையில் ஒரு கல்யாணத்துக்கு அவர் மரத்து உச்சியில் கட்டிய குழாய் எதிர்மலையில் மூன்று ஊருக்குக் கேட்டதாம். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்வார். மற்றபடி ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒன்றுதான், பேர்தான் வேறு வேறு என்பார்.

மாப்பிள்ளை சிவசங்கர். தூரத்து உறவு. நைனார்பாளையத்தில் கொஞ்சம் நிலம், பஸ் நிறுத்தத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. ஆனி மாதம் பெண் பார்க்க வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பா கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்று சுவரோரம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டோடு முன்னால் போய் நின்றதும், "இது எத்தனை ஓம்ஸ்?" என்று கேட்டார்.

"எட்டு," என்றேன்.

நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். "பொண்ணு பாக்க வந்தவர்கிட்ட எட்டுன்னு சொல்றாளே இவ," என்று அம்மா அன்றிரவு தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது என்பதும் ஒரு காரணம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு வருடத்தில் அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை.

ஐப்பசியில் தட்டு மாற்றுவதாகப் பேசியிருந்தார்கள். இப்போது இல்லை என்றாகிவிட்டது. நைனார்பாளையத்துக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ஆனால் ஆள் போக முடியவில்லை. அந்த வியாழக்கிழமை சாலை மறியல் தொடங்கிவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்கள் குழாய்களில் நான்கு, மறியல்காரர்களின் பந்தலுக்குப் போயிருந்தன. அப்பா வாடகை கேட்கவில்லை. வடக்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்த அன்று அப்பா கடையில் ரேடியோவைத் தவிர எதையும் போடவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழும்போது ஒரு மாட்டு வண்டி எங்கள் கடை முன்னால் நின்றது. வண்டியில் மூன்று அட்டைப்பெட்டிகள். அவற்றின் மேல் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, பனியனோடு சிவசங்கர் உட்கார்ந்திருந்தார்.

அப்பா அவரைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடித் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"அடியில கை குடுய்யா. சாய்க்காத. ட்ரான்ஸ்ஃபார்மர் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் மாமா."

மூன்று பெட்டியும் நனையாமல் உள்ளே வந்தன. அதன்பிறகுதான் அப்பாவுக்குத் தன் கோபம் நினைவுக்கு வந்தது.

"பொட்டிக்கு எடம் குடுத்தேன். ஒனக்குக் குடுக்கல. ரோடு தொறக்குற வரைக்கும் பூமாலை கடையில படுத்துக்க."

"சரிங்க மாமா."

அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் வந்த கதையைச் சொன்னார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மெட்ராஸிலிருந்து வந்த பஸ் உளுந்தூர்பேட்டையோடு நின்றுவிட்டது. இரண்டு ராத்திரி ஒரு ஓட்டல் பின்கட்டில் பெட்டிகளுக்கு நடுவில் படுத்திருக்கிறார். பிறகு மாட்டு வண்டி. வழியில் மரம் கிடந்த இடத்தில் எல்லாம் பெட்டிகளை இறக்கி, மரத்துக்கு மேலாகத் தூக்கி, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்து ஏற்றியிருக்கிறார்.

"மொத்தம் எத்தனி வண்டிப்பா?" என்றாள் அம்மா.

"ஆறுங்க அத்தை. மறியல் பண்றவங்கதான் கை குடுத்தாங்க. டிவியான்னு கேட்டாங்க. ஆம்ப்ளிஃபையர்னு சொன்னேன். அப்ப எங்க பந்தல்ல கட்டிட்டுப் போன்னு ஒரே புடி. இதுல குழாய் கட்ட முடியாதுன்னு புரிய வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"குழாய் கட்ட முடியாதா?" என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு நிறைவு தெரிந்தது. "அரை ஏக்கரு. ஒரு குழாய் கட்ட முடியாது."

"மாமா, நீங்க ஒருமுறை கேட்டுப் பாருங்க. பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது."

"மூச்சு எனக்கு எதுக்கு? பாட்டுக்குத்தான காசு."

மறுநாள் காலையிலும் இதே பேச்சு. டீ வாங்கி வந்த பூமாலை நடுவில் உட்கார்ந்துகொண்டு, பேச்சு தணியும்போதெல்லாம் ஒரு வார்த்தை போட்டுத் தூண்டிவிட்டார். மறியலில் அவருக்குத் தையல் வேலையும் இல்லை.

கடைசியில் அப்பா சொன்னார். "பேச்சு வேணாம். என் ஆம்ப்ளிஃபையர் சேலத்துல செஞ்சது. ஒன்னுது சீமையில செஞ்சது. மறைச்சு வெச்சு மாத்தி மாத்திப் போடறோம். பத்து தடவை. எது எதுன்னு ஒம்பது தடவை சரியா சொல்லிட்டா ஐப்பசியில தட்டு மாத்திக்கலாம். இல்லன்னா, ரோடு தொறந்ததும் நீயும் ஒன் பொட்டியும் கெளம்பிடுங்க."

"பொண்ணு இன்னா பந்தயத்துல வெக்கிற ஆட்டுக்கெடாவா?" என்றாள் அம்மா.

"நடத்தப் போறதே அவதான். நம்ம வூட்ல படிச்சவ அவதான." அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்ற தங்கம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகம் சுட்டது. இப்படி ஒரு பந்தயம் நியாயமா என்று அம்மா கேட்டதைத்தான் நானும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஸ்பீக்கர் ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும். சத்தமும் ஒரே அளவு இருக்கணும். இல்லன்னா சோதனையே இல்ல."

"பாத்தியா," என்றார் பூமாலை. "பொண்ணு ரெடி."

ஏற்பாடு செய்ய மதியம் வரை ஆயிற்று. சிவசங்கரின் புது ஸ்பீக்கர்களையே இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கும் பொதுவாக வைத்தேன். கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்ற நாங்கள் வைத்திருக்கும் கத்தி ஸ்விட்சில் ஸ்பீக்கர் ஒயர்களை மாட்டினேன். மேலே தள்ளினால் அப்பாவுடையது. கீழே இழுத்தால் அவருடையது. சத்தத்தைச் சமமாக்கச் சுருதிப் பெட்டியின் ஒரே சீரான ஒலி பதிந்த கேசட் ஒன்றைப் போட்டு, மீட்டரை ஸ்பீக்கர் ஒயரில் வைத்து, இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை திருகினேன். சிவசங்கர் அருகில் நின்று பார்த்தார்.

"சுருதிப் பொட்டியா," என்றார் மெதுவாக. "நமக்குத் தோணலையே."

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூமாலை சட்டைத்துணி ஒரு முழுக் கட்டைப் பிரித்துக் குறுக்கே திரை கட்டிக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் நானும் ஸ்விட்சும் ஒரு நோட்டும். ஒவ்வொரு முறையும் நாலணாக் காசைச் சுண்டினேன். தலை விழுந்தால் மேலே, பூ விழுந்தால் கீழே. ஸ்விட்சின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது. அதனால் மாற்றத் தேவையில்லாத முறையும் ஸ்விட்சை ஒருமுறை எடுத்து மறுபடி அதே பக்கம் போட்டேன்.

கேசட், அப்பா போன வருடம் ஒரு தேர்த்திருவிழாவில் பதிவு செய்தது. நாயனமும் தவிலும்.

"மொதல்ல," என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் சிவசங்கர் கொஞ்ச நேரம் கேட்டார். "இது என்னுது," என்றார். உறுதியான குரல்.

அது அப்பாவுடையது.

நோட்டில் தப்பு என்று எழுதினேன். இரண்டாவது சரி. மூன்றாவது தப்பு. நான்காவதும் தப்பு. நான் எழுதுவதை யாரும் பார்க்க முடியாது. தப்பு என்று எழுதிய இடத்தில் சரி என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. ஐந்தாவது முறை காசு விரலிலிருந்து நழுவி ஸ்விட்சுக்கு அடியில் உருண்டது. அதைக் குனிந்து தேடிய நேரத்தில் இதைத்தான் யோசித்தேன். தேடி எடுத்து மறுபடி சுண்டினேன். கல்லூரியில் ஊசல் சோதனையில் விடை தெரிந்த பிறகு அளவுகளைத் திருத்தி எழுதும் தோழிகள் இருந்தார்கள். என்னால் அங்கேயும் முடிந்ததில்லை.

பத்தும் முடிந்தது.

"எத்தனி?" என்றார் அப்பா.

திரையை விலக்கினேன். "நாலு."

"நாலா?" என்றார் சிவசங்கர். அவர் முகத்தில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "கண்ணை மூடிக்கினு ஒளறியிருந்தாக்கூட..."

"அஞ்சு வரும்," என்றேன்.

பூமாலை சிரிப்பை அடக்க டீ கிளாஸை வாயில் வைத்துக்கொண்டார். அது காலிக் கிளாஸ்.

"மெட்ராஸ்ல மூச்சு இழுத்தது கேட்டுச்சே மாமா."

"அங்க கேட்டப்பவும் இதே ஸ்பீக்கர்தான?" என்று நான் தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆமா."

"அப்ப அது ஸ்பீக்கரா இருக்கும்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் சொன்னேன்ல. எல்லாம் ஒண்ணுதான். ரோடு தொறக்கட்டும்."

அவர் உள்ளே போகத் திரும்பினார். இப்போது பேசாவிட்டால் இனி இல்லை என்று தெரிந்தது. நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, நீங்களும் ஒக்காரணும்."

"நான் எதுக்கு?"

"அவங்க வித்தியாசம் இருக்குதுன்னாங்க. அவங்களுக்குத் தெரியல. நீங்க வித்தியாசமே இல்லன்னீங்க. அதையும் பாக்கணும். இதுவரைக்கும் பாதி சோதனைதான் ஆயிருக்குது."

"ஒக்காரு அண்ணே," என்றார் பூமாலை. "பஸ்ஸு ஒண்ணும் காத்துக்கினு இல்ல."

அப்பா உட்கார்ந்தார். நான் திரைக்குப் பின்னால் போய்க் காசைச் சுண்டினேன்.

"மொதல்ல."

தவில் நாலு அடி விழுந்திருக்கும். "என்னுது," என்றார் அப்பா.

சரி.

"அவன்னுது." சரி. "அவன்னுது." சரி. "என்னுது. போடு அடுத்தது." சரி. ஆறாவதில், அப்பா வேண்டுமென்றே தப்பாகச் சொல்லலாம் என்பது உறைத்தது. சொன்னால் அவர் பேச்சே ஜெயிக்கும், சம்பந்தமும் முறிந்துவிடும். ஒரு பொய் போதும். அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடச் சீக்கிரம் வந்தது. குரலில் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது, கூடவே ஏதோ ஒரு குதூகலமும்.

பத்துக்குப் பத்து.

நான் நம்பவில்லை. எங்கள் ஆம்ப்ளிஃபையரில் மெல்லிய இரைச்சல் உண்டு. பாட்டு நிற்கும் இடத்தில் அதை வைத்துக் கண்டுபிடிக்கிறாரோ என்று நினைத்தேன். நாயனமும் தவிலும் ஓயாமல் போகும் இடமாகப் பார்த்துக் கேசட்டை ஓட்டி, இன்னும் பத்து முறை செய்தேன். அதுவும் பத்துக்குப் பத்து.

திரையை விலக்கி எண்ணைச் சொன்னேன். இருபது.

"இருவதா?" என்றாள் அம்மா. "சோத்துல உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு இவருக்குத் தெரியாது. இது தெரியுதா?"

"எப்படி மாமா?" சிவசங்கர் எழுந்தே விட்டார்.

அப்பா சங்கடமாகச் சிரித்தார். "தவுலுடா. தவுலக் குச்சியால தட்டுற பக்கம் இருக்குதுல்ல, தட்டினப்பறம் அந்தத் தோலு ஒரு கணம் ஆடும். அடி முடிஞ்சுடும், ஆட்டம் மிச்சம் இருக்கும். ஒன்னுதுல அந்த ஆட்டம் இருக்குது. என்னுதுல அடி மட்டும்தான் இருக்குது." விரலால் முக்காலியில் ஒருமுறை தட்டினார். "அன்னிக்குத் தேர் முன்னாடி நான் தவுலுக்கு ரெண்டடி தள்ளி ஒக்காந்துக்கினு இருந்தேன். அப்பறம் இத்தனி நாளு கேசட்டுல கேட்டது அந்தத் தவுலே இல்ல. இன்னிக்குத்தான் கேட்டேன்."

பூமாலை மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த வெலைக்கு அது பெறுமா அண்ணே?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் யோசிப்பது முகத்திலேயே தெரியும்.

"எனக்குப் பெறும்," என்றார். "இவனுக்குச் சேலத்து சாமானே ஜாஸ்தி."

முதலில் சிரித்தது சிவசங்கர். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு பூமாலை, பிறகு அம்மா. நான் திரைத் துணியில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்பா திரைக்குப் பின்னால் வந்து அந்த ஆம்ப்ளிஃபையர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன் முகப்பை வேட்டி நுனியால் துடைத்தார். குழாயைத் துடைப்பதுபோல அழுத்தித் துடைக்கவில்லை.

"ரோடு தொறந்தா இத்த எடுத்துக்கினு போயிடுவியா?" என்றார்.

"நீங்கதான மாமா கெளம்பச் சொன்னீங்க. பந்தயத்துல நான் தோத்துட்டேன்."

"தோத்தது நீ. பொட்டி ஜெயிச்சுடுச்சு."

"அப்ப பொட்டிக்குப் பொண்ணக் குடுங்க," என்றாள் அம்மா. "இன்னாங்க பேச்சு இது? ரெண்டு ஆம்பளைங்க ஒரு பொட்டிக்கு முன்னாடி ஒக்காந்துக்கினு. நெலத்த வித்தான்னு கோவப்பட்டீங்க. இப்ப நீங்களே பெறும்னு சொல்லிட்டீங்க. இனிமே எத்தச் சொல்லி வேணாம்பீங்க?"

அப்பா ஆம்ப்ளிஃபையரின் பெரிய குமிழைத் தொட்டு, திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"காது இல்லாத பையன்," என்றார்.

"காதுதான் நீங்க வெச்சிருக்கீங்களே."

அப்பா குமிழைப் பார்த்தபடியே சொன்னார். "ஐப்பசியிலயே தட்டு மாத்திக்கலாம். ஆனா பொட்டி அதுவரைக்கும் இங்கதான் இருக்கணும். மழைக்காலம். நைனார்பாளையத்துல ஒழுகுற கூரைக்கு அடியில வெக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"எங்க வூட்டுக் கூரை ஒழுகாது மாமா."

"ஒழுகும்," என்றார் அப்பா.

சிவசங்கர் தலையாட்டினார்.

அம்மா கேசரி கிளற உள்ளே போனாள். பூமாலை ரவை வாங்கத் தானே போய் வருவதாகச் சொல்லி, அப்பாவையும் கூட இழுத்துக்கொண்டு போனார். கடையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஒனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். "வித்தியாசம்."

"நான் கேக்கல. எழுதிக்கினு இருந்தேன்."

"நாலுன்னு சொல்லும்போது கஷ்டமா இருந்துச்சா?"

ஒயரை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அவர் காத்திருந்தார். பிறகு என் கையிலிருந்து ஒயர்ச் சுருளை வாங்கி மறுபடி பிரித்தார்.

"நீ அந்தப் பக்கம் ஒக்காரு. நான் மாத்தறேன்."

அப்பா உட்கார்ந்த முக்காலியில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் அவர் காசு சுண்டும் சத்தம் கேட்டது. நாயனம் எழுந்தது. தவில் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்குப் பிறகு ஏதோ ஒன்று மிச்சம் இருப்பதுபோல் சிலமுறை தோன்றியது. சிலமுறை தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் சத்தமாக, தயங்காமல் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

பத்து முடிந்ததும் அவர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏழு."

"ஏழா?"

"என்னைவிட மூணு ஜாஸ்தி. ஏழுன்னா இன்னா அர்த்தம்? தெரியுதுன்னா, தெரியலன்னா?"

"ஒண்ணும் சொல்ல முடியாது. ஏழு சும்மாவே வரலாம். உறுதியா சொல்லணும்னா நூறு தடவையாவது செய்யணும்."

அவர் நோட்டைப் புரட்டி எத்தனை பக்கம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்.

"செய்யலாம்," என்றார். காசு மறுபடி மேலே போகும் சத்தம் கேட்டது.